ரின்ஜானி எரிமலையில் தம்பதியாக ஏறலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. திருமணமாகி ஓராண்டு ஆகிறது. வருகிற ஜூலையில் மனைவியோடு பாலிக்கும் லொம்பொக்குக்கும் போகிறார். லொம்பொக் தீவிலுள்ள ரின்ஜானி எரிமலையின் உச்சிவரை ஏறிவிட வேண்டும் என்பது இருவருடைய ஆசையும். அவர் காலிமுகத்திடலில் ஓடிப் பழகியவர். மனைவி சிவனொளிபாதமலைக்கு ஒரு தடவை போய்வந்தவர். இரண்டு வீட்டாரும் பயப்படுகிறார்கள். "எங்களால் முடியுமா அக்கா? இடையில் ஒருவர் களைத்துப்போனால் மற்றவர் மட்டும் உச்சிக்குப் போய்வரலாமா?"

முதல் கேள்விக்கு என் பதில், முடியும் என்பதுதான். மூன்று மாதம் ஒழுங்காக உடம்பைப் பழக்கினால் கொழும்பில் அலுவலக வேலை செய்யும் ஆரோக்கியமான இருவரால் ரின்ஜானி ஏற முடியும். நீளமான பதில் இரண்டாவது கேள்விக்குத்தான் வேண்டும். கணவனும் மனைவியுமாக மலைக்குப் போகிறவர்கள் கால் வலிமையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். யார் எங்கே திரும்புவது, அப்போது மற்றவர் என்ன செய்வது என்பதைப் பேசாமலே விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்தப் பேச்சை மலையில், அதிகாலை நான்கு மணிக்கு, குளிரில், மூச்சு வாங்கிக்கொண்டு பேச முடியாது.

முதலில் மலையின் அளவைச் சொல்கிறேன். ரின்ஜானியின் உயரம் 3,726 மீற்றர். இந்தோனேசிய எரிமலைகளில் சுமாத்திராவின் கெரிஞ்சிக்கு அடுத்த உயரம் இதற்குத்தான். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். அப்படியென்றால் இலங்கையில் எங்கே ஏறிப் பழகினாலும், ரின்ஜானியின் கடைசி ஆயிரத்திருநூறு மீற்றர் உயரத்தை உங்கள் உடம்பு முன்பு கண்டிருக்காது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை உச்சிக்கு ஏறும்போது ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம் ஏறுகிறோம். ரின்ஜானியில் ஏற்றம் தொடங்குகிற செம்பலுன் கிராமம் 1,150 மீற்றர் அளவில் இருக்கிறது. முதல் நாள் மாலை கூடாரம் போடுகிற எரிமலை விளிம்பு 2,639 மீற்றர். ஆகவே முதல் நாளிலேயே ஒன்றரைச் சிவனொளிபாதமலை. சில மணி நேரம் படுத்துவிட்டு, நள்ளிரவு தாண்டி எழுந்து, இன்னொரு சிவனொளிபாதமலை. இரண்டாவதில் படிகள் கிடையாது, கைபிடிக் கம்பிகள் கிடையாது, வழியில் தேநீர்க் கடைகளும் கிடையாது.

முதல் நாள் பாதை கடினம்தான், ஆனால் ஆபத்தானது அல்ல. காலையில் புல்வெளி, நிழலே இருக்காது, வெயில் தலையில் இறங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்டுக்குள் செங்குத்தாக ஏறும் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு குன்றின் தலையைக் கண்டதும் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். சுமைகாரர்கள் மூங்கில் தடியின் இரு பக்கமும் கூடைகளைத் தொங்கவிட்டு, ரப்பர்ச் செருப்போடு உங்களைக் கடந்து போவார்கள். அவர்களோடு போட்டி போடாதீர்கள். ஏழு எட்டு மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

உச்சிக்கான ஏற்றம் வேறு கதை. அதிகாலை இரண்டு மணியளவில் தலைவிளக்கோடு புறப்படுவார்கள். முதலில் புழுதி நிறைந்த செங்குத்துச் சரிவு; பிறகு ஒரு நீண்ட முகடு, அதில் கொஞ்சம் ஆசுவாசமாக நடக்கலாம்; கடைசியில் தளர்ந்த எரிமலைச் சரளையும் சாம்பலும் கலந்த சரிவு. இரண்டு அடி வைத்தால் ஓர் அடி பின்னே வழுக்கும். முகட்டின் ஒரு பக்கம் எரிமலைக் குழிக்குள் இறங்குகிறது. இருட்டில் அது தெரியாது; விடிந்த பிறகுதான் எதன் ஓரமாக நடந்து வந்தோம் என்று விளங்கும். காற்றும் கடுமையாக அடிக்கும். இந்தக் கடைசிப் பகுதியில்தான் மனிதர்கள் பிரிகிறார்கள். ஒருவர் "நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்று சொல்லிப் பாறை ஓரமாக உட்கார்கிறார். அந்த வார்த்தையைச் சொல்கிறவருக்கு அன்பு மிகுதி. அதைக் கேட்டுக்கொண்டு மேலே போகிறவருக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் உட்கார்ந்தவர் வியர்வையில் நனைந்த உடையோடு, அசையாமல், காற்றில், இருட்டில், தெரியாத சரிவில் தனியாக இருக்கிறார். பத்து நிமிடத்தில் குளிர் எலும்புக்குள் போகும். பிறகு அவர் எழுந்து நடக்கத்தான் பார்ப்பார். மேலேயோ கீழேயோ, தனியாக.

2025 ஜூன் மாதத்தில் பிரேசில் நாட்டு இளம் பெண் ஒருவர் இந்த உச்சிப் பாதையிலிருந்து எரிமலைக் குழியின் பக்கம் விழுந்து உயிரிழந்தார். அவர் களைத்து ஓய்வெடுத்தபோது குழு முன்னே சென்றுவிட்டதாகச் செய்திகளில் வந்தது. செங்குத்துச் சரிவும் மூடுபனியும் தடுத்ததால் அவருடைய உடலை மேலே கொண்டுவரவே நான்கு நாட்கள் ஆயின. அதன் பிறகு உச்சிப் பாதை சில காலம் மூடப்பட்டது. பாதுகாப்பு விதிகளும் கடுமையாக்கப்பட்டன. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்தச் சரிவில் யாரும் தனியாக நிற்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது: பிரிவதானால் கூடாரத்தில் பிரியுங்கள், சரிவில் பிரியாதீர்கள். அதிகாலை எழும்பும்போதே ஒருவருக்குத் தலைவலி, வயிற்றுப் பிரட்டல், கால் வீக்கம், மனமில்லாமை, எதுவாக இருந்தாலும், அவர் கூடாரத்தில் தங்கலாம். அங்கே சுமைகாரர்கள் இருக்கிறார்கள், போர்வை இருக்கிறது, சூடான தேநீர் இருக்கிறது. மற்றவர் வழிகாட்டியோடு போய்வரலாம். புறப்பட்ட பிறகு ஒருவர் நின்றால், அவரோடு ஒரு வழிகாட்டி கட்டாயம் கீழே இறங்க வேண்டும். உங்களுக்கு இருப்பது ஒரே வழிகாட்டி என்றால் இருவரும் சேர்ந்தே இறங்க வேண்டும். அதனால்தான் தம்பதியாகப் போகிறவர்களிடம் இரண்டாவது வழிகாட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டச் சொல்கிறேன். பாலியில் ஓர் இரவு கொஞ்சம் மலிவான அறையில் தங்கினால் அந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டலாம். பெரிய குழுவோடு சேர்ந்து போனால் இந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது. வேகமாக ஏறுகிறவர்களின் பின்னால் வழிகாட்டி போய்விடுவார். உங்கள் இருவருக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

நானும் கணவரும் போனபோது அப்படித்தான் செய்தோம். முகடு முடிந்து சரளைச் சரிவு தொடங்குகிற இடத்தில் எனக்கு அடி எடுத்துவைக்க மூச்சுப் போதவில்லை. நின்று நின்று பார்த்தேன், மூச்சு திரும்பவில்லை. கொழும்பில் பேசிவைத்தபடி நான் "இறங்குகிறேன்" என்றேன். அவர் "சரி" என்றார். "இன்னும் கொஞ்சம்தானே, முயற்சி செய்து பாரேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்ததற்காக இன்றுவரை அவர் மீது எனக்கு மதிப்பு. இரண்டாவது வழிகாட்டியோடு நான் மெல்ல இறங்கி, விளிம்பில் இருந்து விடியலைப் பார்த்தேன். எரிமலைக் குழிக்குள் இருக்கும் ஏரியும் அதன் நடுவே எழுந்து நிற்கும் சிறு எரிமலையும், மேற்கே கடலுக்கு அப்பால் பாலியின் ஆகுங் மலையும் தெளிவாகத் தெரிந்தன. உச்சியில் அதே காட்சி இன்னும் உயரத்திலிருந்து தெரியும், அவ்வளவுதான். ரின்ஜானியின் அழகில் பெரும்பகுதி அந்த விளிம்பிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். பயணத்தின் இலக்கு விளிம்பு, உச்சி அதற்கு மேல் கிடைத்தால் கிடைக்கட்டும் என்று மனதில் வைத்துப் போனால், திரும்புகிற முடிவு யாருக்கும் தோல்வியாகத் தெரியாது.

பேசிவைக்க வேண்டிய இன்னொன்று நேரம். காலை இத்தனை மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் எங்கே நின்றாலும் திரும்புவோம் என்று வழிகாட்டியையும் வைத்துக்கொண்டு ஒரு நேரத்தைக் குறியுங்கள். சூரிய உதயத்துக்கு முன் உச்சியில் நிற்க வேண்டும் என்ற அவசரம்தான் பலரைப் புறப்பட்ட ஒரு மணி நேரத்திலேயே வீழ்த்துகிறது. உதயத்தை வழியிலிருந்தே பாருங்கள். வெளிச்சத்தில் ஏறுவது பாதுகாப்பும்கூட. இருவரில் மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு அடுத்து நடக்கட்டும், வேகமானவர் பின்னால் வரட்டும். வேகமானவர் முன்னால் போனால் மெதுவானவர் தன் மூச்சை விட்டுவிட்டு அவருடைய முதுகைத் துரத்திக்கொண்டு ஏறுவார்.

மெதுவானவர் உங்கள் மனைவியாகத்தான் இருப்பார் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள், தம்பி. காலிமுகத்திடல் சமதரை. அங்கே ஓடுகிறவருக்கு நல்ல நுரையீரல் வாய்க்கிறது; இறக்கத்தில் உடம்பைத் தாங்குகிற முழங்கால் வாய்ப்பதில்லை. சிவனொளிபாதமலையில் மலையகத்துத் தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு, வெறுங்காலோடு, ஒரே சீராக ஏறிப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படியோரம் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவர்களில் வாட்டசாட்டமான ஆண்கள் எத்தனை பேர்! களைத்தால் நீங்கள் எப்படி ஆகிறீர்கள் என்பதையும் ஒருவருக்கொருவர் சொல்லிவையுங்கள். சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலருக்குக் கோபம் வரும். மலையில் மனைவி எரிந்து விழுந்தால், அது அவருக்குச் சர்க்கரை குறைந்ததாக இருக்கலாம். ஒரு துண்டு கருப்பட்டியைக் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இனி மூட்டை. குடும்பமாகப் பொதி கட்டும் பழக்கம் மலையில் ஆபத்து. வீட்டில் இருவருக்கு ஒரு மருந்துப் பெட்டி, ஒரு பவர் பேங்க், ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் என்று கட்டுவோம். மலையில் நீங்கள் பிரிய நேர்ந்தால் அந்த ஒன்று யாரிடம் இருக்கும்? தலைவிளக்கு ஆளுக்கொன்று, மாற்று மின்கலத்தோடு. தண்ணீர், தின்பண்டம், குளிர்ச்சட்டை, கையுறை, மாத்திரை, கொஞ்சம் பணம், கடவுச்சீட்டின் பிரதி எல்லாமே ஆளுக்கொன்று, அவரவர் முதுகில். குளிரைக் குறைவாக எண்ணாதீர்கள். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும். கடற்கரையில் 28 பாகை இருக்கும்போது உச்சியில் 4 பாகை. காற்று அடித்தால் அதைவிடக் குளிராகவே உணர்வீர்கள். நுவரெலியாவின் ஜனவரிக் குளிருக்கு வாங்கிய சட்டை ஒன்று போதாது. உள்ளே வியர்வையை இழுக்கும் மெல்லிய சட்டை, நடுவே கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் சட்டை என்று மூன்று அடுக்கு வேண்டும். நம் ஆடைத் தொழிற்சாலைகளின் ஏற்றுமதி மிச்சமாக வருகிற நல்ல குளிர்ச்சட்டைகள் கொழும்புக் கடைகளில் கிடைக்கின்றன. தேடினால் நியாயமான விலைக்கு எடுக்கலாம். சப்பாத்தை மட்டும் இப்போதே வாங்கி, பயிற்சி முழுவதும் அதையே போடுங்கள். புதுச் சப்பாத்தோடு இறங்கினால் கால் நகம் கருத்துவிடும். சரளைக் கற்கள் உள்ளே போகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் உறை, ஊன்றுகோல், புழுதிக்கு முகக்கவசம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குக் கொழும்பில் மலை இல்லையே என்று சோர வேண்டாம். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புகளுக்கா குறைவு? ஐந்தாறு கிலோ எடையுள்ள முதுகுப்பையோடு, மின்தூக்கியை மறந்து, படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். வாரத்தில் மூன்று நாள், முதலில் இருபது நிமிடம், பிறகு மெல்ல மெல்ல ஒரு மணி நேரம்வரை. இறங்குவதிலும் அதே கவனம் வேண்டும். தொடையின் முன்தசை இறக்கத்தில்தான் உடைகிறது. கல்கிசைக் கடற்கரையில் அதிகாலையில் ஈரமில்லாத தளர்ந்த மணலில் நடந்து பாருங்கள். கால் புதைந்து பின்னே வழுக்கும்போது, குதிகாலைக் குத்தாமல் முழுப் பாதத்தையும் மெதுவாகப் பதித்து நடக்கக் கற்றுக்கொள்வீர்கள். ரின்ஜானியின் கடைசிச் சரிவுக்கு வேண்டியது அந்த நடைதான். பிறகு சிவனொளிபாதமலை. யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமிவரை என்பதால், பெப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் ஏறிவிட்டால் ஜூலைப் பயணத்துக்குக் கணக்குப் பொருந்துகிறது. விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்து ஒரு வாரநாளில், கோட்டையிலிருந்து புகையிரதத்தில் ஹட்டன் போய், நல்லதண்ணியில் இரவு ஏறுங்கள். மறுநாள் வீடு திரும்பாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் இன்னொரு நீண்ட நடை நடவுங்கள். முதல் நாள் ஏறிய கால் இரண்டாம் நாள் எப்படி இருக்கிறது என்று இருவருக்கும் தெரிய வேண்டும்; ரின்ஜானி கேட்கப்போவது அந்த இரண்டாம் நாள் கால்களைத்தான். அந்த இரண்டு நாளும் உங்களுக்குத் துன்பமாகவே போனால், ரின்ஜானியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, பாலியில் 1,717 மீற்றர் உயரமுள்ள பாத்தூர் எரிமலையை ஏறுங்கள். இரண்டு மணி நேர ஏற்றம், அருமையான விடியல். எதையும் இழந்ததாக நினைக்கத் தேவையில்லை.

உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் பற்றி. 2,500 மீற்றருக்கு மேல் யாருக்கும் வரலாம். நல்ல உடற்கட்டு அதற்குத் தடுப்பு அல்ல. ரின்ஜானி உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. இருந்த இடத்தில் ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்க வேண்டும். கால் தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இறங்க வேண்டும், இரவானாலும் சரி. துணையின் நடையைக் கவனிப்பது இங்கே உங்கள் கடமை; தள்ளாடுகிறவருக்குத் தான் தள்ளாடுவது தெரியாது. உயர நோயைத் தடுக்கும் அசெற்றசோலமைட் மாத்திரை எடுக்கலாமா என்பதைக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். இந்தக் காரணத்துக்காகவே இரண்டு நாள் திட்டத்தை வேண்டாம் என்கிறேன். அதில் உச்சிக்குப் போன அன்றே செம்பலுன்வரை இறங்க வேண்டும். ஒரே நாளில் 2,500 மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம். மூன்று நாள், முடிந்தால் நான்கு நாள் எடுத்து, ஏரிக்கரையில் ஓர் இரவு தங்குங்கள். ஏரிக்குப் பக்கத்திலேயே வெந்நீரூற்று இருக்கிறது. உச்சி ஏறிய காலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

இப்போது எரிமலையைப் பற்றி. நம் தீவு ஒரு நிலத்தட்டின் நடுவே இருப்பதால் இங்கே எரிமலை கிடையாது. திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர்கூட எரிமலையின் சூடு அல்ல, நிலத்தின் ஆழத்துச் சூடு. அதனால் எரிமலையை மலையாக மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு. நீங்கள் ஏறப்போவது 1257இல் வெடித்த சமாலாஸ் எரிமலையின் அண்டை மலை. ரின்ஜானிக்குப் பக்கத்தில் 4,200 மீற்றர் அளவில் நின்றிருக்கலாம் என்று மதிப்பிடப்படும் அந்த மலை வெடித்து இடிந்து விழுந்த பள்ளம்தான் இன்று 6 கிலோமீற்றருக்கு 8.5 கிலோமீற்றர் அளவில் கிடக்கும் குழி. அதற்குள் இருப்பதுதான் செகாரா அனாக் ஏரி. கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா பனிப்படலங்களில் அந்த வெடிப்பின் கந்தகத் தடயத்தை விஞ்ஞானிகள் முன்பே கண்டிருந்தார்கள். எந்த மலை வெடித்தது என்பது 2013 வரை புதிர். அதை விடுவிப்பதற்கு உதவியவற்றில் லொம்பொக்கின் பழைய ஓலைச்சுவடிகளும் உண்டு. பமத்தான் என்ற நகரம் அழிந்த கதை அவற்றில் எழுதப்பட்டிருந்தது. ஓலையில் எழுதிய முன்னோரைக் கொண்ட நமக்கு இது கேட்கவே நெகிழ்ச்சியான செய்தி. எரிமலைகளின் கை எவ்வளவு நீளம் என்பதற்கும் இலங்கையில் பழைய சாட்சி இருக்கிறது: 1883 ஓகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையால் காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கித் திரும்பியது.

ஏரிக்குள் நிற்கும் பருஜாரி என்ற சிறு கூம்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2015இல் அது கக்கிய சாம்பலால் பாலி விமான நிலையத்தையே மூடினார்கள். நிலநடுக்கமும் உண்டு. 2018 ஜூலை 29 அன்று 6.4 அளவில் நிலம் அதிர்ந்தபோது, பாதைகள் சரிந்து நூற்றுக்கணக்கான மலையேறிகள் ரின்ஜானியில் சிக்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் வந்த அதைவிடப் பெரிய அதிர்வில் லொம்பொக் மக்கள் பல நூறு பேர் இறந்தார்கள். இந்தோனேசிய அரசின் எரிமலையியல் மையம் ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பயணத்துக்கு முந்திய வாரத்திலும் ஏறுகிற நாள் காலையிலும் பாருங்கள். மூன்றாம், நான்காம் நிலையில் பேச்சே இல்லை, போகக்கூடாது. இரண்டாம் நிலையில் எத்தனை கிலோமீற்றருக்குள் நெருங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களோ அதை மதியுங்கள். சுமாத்திராவின் மராப்பி 2023 டிசம்பரில் இரண்டாம் நிலையில் இருந்தபோதுதான் வெடித்து, மேலே இருந்த 24 பேர் மாண்டார்கள். ஜப்பானின் ஒந்தாக்கே 2014 செப்டெம்பரில் மிகக் குறைந்த எச்சரிக்கை நிலையில் இருந்தபோதே வெடித்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 63 பேர். பயமுறுத்த இதை எழுதவில்லை. எச்சரிக்கை நிலை உங்களைக் காப்பாற்றும் உத்தரவாதம் அல்ல என்பதை இருவரும் தெரிந்து, அதன் பிறகும் போக விரும்பினால் போகவேண்டும். ஒருவர் விரும்பி மற்றவர் அவருக்காக இழுபட்டுப் போகிற பயணமாக இது இருக்கக்கூடாது.

சில சிறிய விடயங்கள். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை ரின்ஜானி தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள், ஜூலை நல்ல காலம்தான். நீங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்றால் முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். அங்கே சம்பலில் இறால் விழுது சேர்ப்பது சாதாரணம், அதை அவர்கள் மாமிசமாகவே எண்ணுவதில்லை. கழிப்பறைக் கூடாரம் தனியாக உண்டா என்று உங்கள் மனைவிக்காகக் கேளுங்கள். அவர் தன் மாத நாட்களைப் பார்த்துத் திகதியைத் தேர்ந்தெடுக்கட்டும்; இதையெல்லாம் கூச்சமில்லாமல் பேச முடிகிற தம்பதிதான் மலையில் நன்றாக இருக்கும். செகாரா அனாக் ஏரி லொம்பொக்கின் பூர்வீகக் குடிகளான சசாக் மக்களுக்கும் பாலி இந்துக்களுக்கும் புனிதமானது. நாம் சிவனொளிபாதமலையில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படியே அங்கேயும் நடந்துகொள்ளுங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வீட்டாருக்கு உண்மையைச் சொல்லுங்கள். "கடற்கரைக்குப் போகிறோம்" என்று மறைத்துவிட்டுப் போகாதீர்கள். எந்த நிறுவனம், எந்தப் பாதை, எந்த நாளில் எந்த முகாம், எப்போது கீழே இறங்குவோம் என்று ஒரு தாளில் எழுதி, பதற்றப்படாத ஒருவரிடம், தம்பியோ மைத்துனரோ, கொடுத்துவிட்டுப் போங்கள். லொம்பொக் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே காலை ஆறு மணி என்றால் கொழும்பில் மூன்றரை. அம்மாவுக்கு உச்சியிலிருந்து தொலைபேசி எடுக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மலையில் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். இரவு முழுக்க விழித்திருந்து அழைப்பை எதிர்பார்க்கும்படி யாரையும் வைக்காதீர்கள்.

பதிவுசெய்யும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் விசா நிபந்தனைகள், பிறகு விமானம், பிறகு காப்புறுதி, கடைசியாக மலையேற்றம். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறி நேரே லொம்பொக் இறங்கலாம், அல்லது பாலியிலிருந்து படகில் போகலாம். ஏறுவதற்கு முன் ஒரு முழு நாள் ஓய்வு இருக்கும்படி பாருங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் மலையேற்றத்துக்கு உயர எல்லை இருக்கிறதா என்று தேடுங்கள். பல பத்திரங்களில் இருக்கும், 3,726 மீற்றரை அது உள்ளடக்காவிட்டால் கூடுதல் பணம் கட்டி உள்ளடக்கச் செய்யுங்கள். மீட்புச் செலவும் அதில் அடங்க வேண்டும். பூங்காவின் அனுமதிச் சீட்டு, மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றில் நடப்பிலிருக்கும் விதியை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், அனுமதி பெற்ற நிறுவனம்தானா என்பதையும் பாருங்கள். அதே கடிதத்திலேயே மற்றக் கேள்விகளையும் வையுங்கள்: எங்கள் இருவருக்கு இரண்டு வழிகாட்டிகள் தருவீர்களா, உச்சிச் சரிவில் ஒருவர் திரும்பினால் அவரோடு யார் இறங்குவார், விளிம்பு முகாமில் ஒருவர் தங்கினால் அங்கே யார் இருப்பார்? "பயப்படாதீர்கள், எல்லாம் சரிவரும்" என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள். பொறுப்பானவர்கள் மூன்றுக்கும் மூன்று பதில் எழுதுவார்கள்.